சிறுவாடும் பின் நம்பரும்

பெண்ணின் கையில் இருக்கும் பணம் யாருக்கு உரியது என்ற கேள்வியை வங்கிகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே சமயங்கள் எடுத்துப் பேசியிருக்கின்றன. வேள்வி செய்யத் தகுதி உடையவர் யார், தானம் கொடுக்கத் தகுதி உடையவர் யார், நேர்ந்துகொண்டதை நிறைவேற்றும் கடமை யாருடையது என்று வரையறுக்கப் புகுந்தபோதெல்லாம் அது குறுக்கே வந்து நின்றது. பொருள் இல்லாதவர் எதைக் கொடுப்பார்? வளரும் நாடுகளின் பெண்களை வங்கிக் கணக்குக்குள்ளும் கைபேசிப் பணத்துக்குள்ளும் கொண்டுவரும் முயற்சிக்கு இன்று நிதி உள்ளடக்கம் என்று பெயர். எத்தனை பெண்களின் பெயரில் கணக்கு இருக்கிறது என்று அந்த முயற்சி முதலில் எண்ணிப் பார்க்கிறது. கணக்கில் உள்ளதைத் தன் மனம்போல ஒருவருக்குக் கொடுக்கவும் வேறொருவருக்குக் கொடுக்க மறுக்கவும் அவளால் முடிகிறதா என்பது அடுத்த கேள்வி. பழைய நூல்கள் மல்லுக்கட்டியது பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியோடுதான்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள கருங்கல், இதை ஆராய ஏற்ற ஊர். சந்தையும் பேருந்து நிலையமும் உள்ள பேரூராட்சி. சில கிலோமீட்டர் தொலைவில் மிடாலம், இனயம், குறும்பனை என மீனவ ஊர்கள். சுற்றிலும் தென்னை, ரப்பர், மரச்சீனி விளைகள். 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூரையும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்திருந்தது. இந்துக்களும் கத்தோலிக்கரும் சிஎஸ்ஐ சபையினரும் அய்யாவழியினரும் கலந்து வாழும் வட்டாரம். தேங்காய்ப்பட்டணத்திலும் குளச்சலிலும் பழமையான முஸ்லிம் குடியிருப்புகள் உண்டு. இங்கே ஒரு பெண்ணிடம் பணம் வந்து சேரும் வழிகளும் பல. அண்டி ஆபீஸ் எனப்படும் முந்திரி ஆலையில் கொட்டை உடைப்பவளின் கூலி, கடற்கரையிலிருந்து மீன் சுமந்துவந்து விற்பவளின் அன்றாட முதல், அக்கானி என்னும் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பவளின் பங்கு, நூறு நாள் வேலைச் சம்பளம், குழு லோன், வளைகுடாவிலிருந்து கணவன் அனுப்புவது, பிறந்த வீடு போட்ட நகை, 2023-ல் மாதம் 1,000 ரூபாயாக அரசு தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை. ரூபாய் எல்லாம் ஒன்றே என்றாலும், இவை ஒவ்வொன்றின் மேலும் குடும்பம் கொண்டாடும் உரிமை வேறு வேறு. கூலியைக் கேட்பது போல நகையை யாரும் கேட்பதில்லை. நகையைக் கேட்பது போலக் குழு லோனையும் கேட்பதில்லை. அது பெரும்பாலும் கேட்காமலே கைமாறிவிடுகிறது.

இந்திய மரபில் இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த இடம் சட்டநூல் அல்ல, மீமாம்சை. ஜைமினியின் மீமாம்சா சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத் தொடக்கத்தில், வேள்வி செய்யப் பெண்ணுக்கு அதிகாரம் உண்டா என்ற விவாதம் வருகிறது. மறுப்பவர் வைக்கும் வாதம் முழுக்க முழுக்கப் பொருளியல் வாதம்: வேள்விக்குப் பொருள் வேண்டும், பெண்ணிடம் பொருள் இல்லை, தந்தை அவளை விலைபேசிக் கொடுப்பதால் அவளே ஒரு பொருள், அவள் சம்பாதிப்பதும் கணவனையே சேரும். ஜைமினியும் அவருக்கு உரை எழுதிய சபரரும் இதை ஏற்கவில்லை. பலனை விரும்புவது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. திருமணத்தில் கொடுக்கப்படுவது ஏறி இறங்கும் சந்தை விலையல்ல, வரையறுக்கப்பட்ட சடங்கு. வீட்டுப் பொருள்களுக்கு மனைவியே உரியவள் என்று வேதமே கூறுகிறது. ஆகவே பெண்ணுக்கு உடைமை இல்லை என்று சொல்லும் ஸ்மிருதி, வேதத்தின் முன் நிற்காது. இந்த விடைக்கும் ஓர் எல்லை உண்டு. அவள் கணவனோடு சேர்ந்தே வேள்வி செய்ய முடியும். கல்வி மறுக்கப்பட்டதால் மந்திரங்களில் பெரும்பகுதி அவளுக்கு இல்லை. ஆனாலும் விவாதத்தின் அடித்தளம் இன்றும் உறுதியாக இருக்கிறது. அறம் செய்ய வேண்டியவர் என்று ஒருவரை ஏற்றுக்கொண்டால், அதற்கான பொருளும் அவருக்கு உண்டு என்று ஏற்றே ஆகவேண்டும்.

குமரி வட்டாரத்தின் வழிபாட்டு வழக்கங்களும் இதே வழியில் பெண்ணை உடைமையாளராகக் கருதி வந்திருக்கின்றன, பல சமயம் சொல்லாமலே. சிஎஸ்ஐ குடும்பங்களில் சோறு பொங்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுக்கும் பிடி அரிசி வழக்கம் பழையது. கையில் காசு இல்லாத பெண்ணிடமும் அடுக்களை இருந்தது. அடுக்களை அரிசியில் ஒரு பிடிக்கு அவள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பது அந்த வழக்கத்தின் உட்பொருள். கருங்கல்லிலிருந்து அதிக தூரம் இல்லாத மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் பெண்களின் சபரிமலை என்று அழைக்கப்படுகிறது. மாசிக் கொடைக்குப் பெண்கள் இருமுடி கட்டி வருகிறார்கள். நேர்ச்சை அவளுடையது, பொங்கலும் காணிக்கையும் அவள் பெயரில். அந்தக் காணிக்கைக் காசு அவளுடையதா என்று கோயிலும் கேட்டதில்லை, சபையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்வதில் வீட்டில் உள்ளவர்களுக்குச் சங்கடம் நேர்ந்திருக்கும்.

சட்டநூல் மரபு இந்தச் சங்கடத்தைப் பணம் வந்த வழியைப் பிரித்துத் தீர்க்கப் பார்த்தது. மனைவி, மகன், அடிமை ஆகிய மூவரும் சம்பாதிப்பது அவர்கள் யாருக்கு உரியவர்களோ அவரைச் சேரும் என்று மனு ஸ்மிருதி எட்டாம் அத்தியாயத்தில் கூறுகிறது. அதே நூல் ஒன்பதாம் அத்தியாயத்தில் பெண்ணுக்கே உரிய ஆறு வகை ஸ்திரீதனத்தைப் பட்டியலிடுகிறது. இரண்டையும் பொருத்தப் பார்த்த பிற்கால உரைகாரர்கள், முதலாவது இடத்தில் உடைமை மறுக்கப்படவில்லை, செலவிடும் சுதந்திரம் மட்டுமே மறுக்கப்படுகிறது என்று பொருள் கூறினர். சட்டநூலார் காத்யாயனர் பிரிவுக் கோட்டை இன்னும் தெளிவாகக் கிழித்தார். பிறந்த வீட்டாரும் உற்றாரும் அன்பாகக் கொடுத்தது அவளுக்கு முழு உரிமை. கணவனோ மகனோ தந்தையோ சகோதரனோ அதில் கைவைக்க முடியாது. கைத்தொழில் செய்து அவள் ஈட்டியதும் பிறத்தியார் அன்பாகக் கொடுத்ததும் கணவனின் ஆளுகைக்கு உட்பட்டவை. ஆக, உழைக்காமல் வந்தது அவளுடையது, உழைத்து வந்தது அவனுடையது. இன்றைய வாசகருக்குத் தலைகீழாகத் தோன்றும் இந்தப் பிரிவினைக்கு உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. நகை, பிறந்த வீடு அவளுக்குக் கட்டிய காப்பு. கூலியோ, குடும்பத்துக்குக் கடன்பட்ட உடலின் விளைச்சல். அண்டி ஆபீஸ் கூலியைத் தயங்காமல் கேட்கும் வீடு நகையைக் கேட்க மட்டும் தயங்குவதற்கு அந்தக் கணக்கின் நிழல் ஒரு காரணமாக இருக்கலாம்.

நகையும் முழுக்கத் தப்பியதில்லை. பஞ்சம், நோய், சிறை, தவிர்க்க முடியாத அறச்செயல் ஆகியவற்றுக்காகக் கணவன் ஸ்திரீதனத்தை எடுத்தால் திருப்பித் தரவேண்டியதில்லை என்றது யாக்ஞவல்கிய ஸ்மிருதி. உச்ச நீதிமன்றம் 1985-ல் பிரதிபா ராணி வழக்கில், ஸ்திரீதனம் மனைவியின் தனிச்சொத்து, கணவன் வெறும் காப்பாளன் என்று தீர்ப்பளித்தது. 2024 ஏப்ரலில், திருமணத்தன்று போட்ட 89 பவுன் நகையை இழந்த கேரளப் பெண்ணொருவரின் வழக்கில், கணவன் 25 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. இக்கட்டில் கணவன் நகையைப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பித் தரும் கடமை அவனுக்கு உண்டு என்றது தீர்ப்பு. யாக்ஞவல்கியர் விட்ட வாசலின் பாதியை நீதிமன்றம் அடைத்துவிட்டது எனலாம். கூலியைப் பொறுத்தவரை 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 14-ஆம் பிரிவில், சொந்தத் திறமையாலும் உழைப்பாலும் பெண் ஈட்டியதும் அவளுக்கே முழு உரிமை என்று எழுதிக் காத்யாயனர் கிழித்த கோட்டை அழித்தது.

சட்டம் வருவதற்கு நூற்றாண்டுக்கு முன்பே பெண்ணின் கூலி என்ன செய்யும் என்பதைத் தென் திருவிதாங்கூர் கண்டிருந்தது. லண்டன் மிஷனின் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் மார்த்தா பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது தொழிலாக வளர்ந்தது. பின்னிய லேஸ் வெளிநாடு போனது. அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் லேஸ் கூலியைச் சேர்த்துத் தங்களை விலைகொடுத்து மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் பதிவுகள் கூறுகின்றன. திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்து அறிவிப்பு வெளியிட்டது 1855-ல். அதற்கு முந்திய காலத்தில் நடந்த இந்த மீட்பு மெய்யியல் நோக்கில் விந்தையானது. மனுவின் வாசகப்படி அடிமை சம்பாதித்தது எசமானனுடையது. அப்படியானால் எசமானனின் பணத்தைக் கொண்டே எசமானனிடமிருந்து அவள் தன்னை வாங்கியிருக்கிறாள். விலையை வாங்கிக்கொண்ட எசமானன், அந்தப் பணம் அவளுடையது என்று ஒப்புக்கொண்டவனாகிறான். கூலியைத் தனியாக எண்ணிக் கையில் கொடுத்த ஒரு மூன்றாமவர் நடுவில் இருந்ததால்தான் இது நடந்தது. மிஷன் அந்தப் பெண்களை நடத்திய விதத்தில் குறை காண்பவர்கள் உண்டு. ஒழுக்கக் கண்டிப்பு, சமயக் கட்டாயம் என்று பல சொல்லப்படும். ஆனாலும் கூலி விஷயத்தில் மிஷன் செய்தது பெரிய காரியம்.

பெயர் ஒருவரிடமும் பிடி இன்னொருவரிடமும் இருப்பதற்கு இந்த மாவட்டத்திலேயே இன்னொரு பழைய முன்மாதிரி உண்டு. நாயர்களிடமும் நாஞ்சில் நாட்டு வேளாளரிடமும் சொத்து பெண்வழி இறங்கியது. வெளியிலிருந்து பார்த்தவர்கள் இதைப் பெண்ணாட்சி என்று வியந்து எழுதினார்கள். நிர்வாகமோ காரணவர் என்ற தாய்மாமன் கையில் இருந்தது. அவருடைய மனைவி மக்களுக்குக் கிடைத்தது உகந்துடைமை எனப்பட்ட சிறு பங்கு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ எழுதியபோது கதையைச் சொல்லும் வாயாகக் காரணவரின் ஐந்தாம் மனைவியைத் தேர்ந்தது தற்செயல் அல்ல. பெண்வழிச் சொத்துமுறை ஒன்றின் கீழ் ஒரு பெண் கைச்செலவுக்கும் வழியின்றி நிற்க முடியும் என்பதை அவளை விட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது. 1926-ன் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் அந்த முறையை மக்கள்வழிக்குத் திருப்பியது.

கிறிஸ்தவர்களின் நிலை வேறு விதமாகக் குறுகியது. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்கு மகன் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. அதுவும் சீதனக் கணக்கில் கழிந்துவிடும். விதவைக்குக் கிடைத்த பங்கு ஆயுட்காலத்துக்கு மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போகும். வழக்கமாகவே ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிட்டு வந்த சில லத்தீன் கத்தோலிக்க, புராட்டஸ்டண்டு பிரிவினருக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1986-ல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதல் இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும் என்றது. மகளும் மகனும் சமம் என்றாயிற்று. சட்டம் மாறினாலும் மகளின் பங்கைச் சீதனமாகக் கணக்குத் தீர்த்துவிடும் பழக்கம் குமரியில் எல்லாச் சமயத்தாரிடமும் ஆழமாக வேரூன்றியது. 1961-ன் வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, யார் கையில் வாங்கியிருந்தாலும் அந்தப் பணம் மூன்று மாதத்துக்குள் பெண்ணிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்கிறது. அப்படி ஒரு பிரிவு இருப்பதைக் கல்யாணப் பந்தலில் யாரும் நினைவூட்டுவதில்லை.

இவ்வளவுக்கும் அடியில் பெண்கள் தாங்களே நடத்திவந்த நிதி ஏற்பாடு சிறுவாடு. அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் சேலை மடிப்பிலும் ஒளித்துவைத்த காசு. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தது, முட்டை விற்றது, உடன்பிறந்தவன் கையில் திணித்தது என்று பலவும் அதில் சேரும். கணவனுக்குத் தெரியாமல் வைப்பதே அதன் இலக்கணம். அது பொய்யா, திருட்டா என்ற கேள்விக்கு மூன்று சமய மரபுகளிலும் நேரடியாகப் பொருந்தும் இடங்கள் இருக்கின்றன. அவை மூன்றும் சேர்த்துப் படிக்கப்படாதது வியப்புக்குரியது.

ஆபஸ்தம்ப தர்மசூத்திரம், கணவன் மனைவிக்கிடையே பாகப்பிரிவினை கிடையாது என்கிறது. கைப்பிடித்த நாள் முதல் சடங்குகளிலும் பலனிலும் பொருள் சேர்ப்பதிலும் அவர்கள் இணைந்தவர்கள். அந்த இணைப்பிலிருந்து நூல் எடுக்கும் முடிவு எதிர்பாராதது: கணவன் வெளியூரில் இருக்கையில் தேவை வந்து மனைவி பொருளை எடுத்துக் கொடுத்தால் அது திருட்டாகாது. குடும்பம் ஒன்று என்ற கொள்கை வழக்கமாகப் பெண்ணின் தனிக்காசை மறுக்கவே எடுத்துக்காட்டப்படுகிறது. இங்கே அதே கொள்கை அவள் கைக்குச் சாவியைக் கொடுக்கிறது. கணவன் துபாயிலோ குவைத்திலோ இருக்க, பிள்ளையின் கட்டணத்தையும் துட்டி வீட்டுச் செலவையும் தானே முடிவெடுத்துச் செய்யும் இந்த வட்டாரத்துப் பெண்களுக்கு ஆபஸ்தம்பரை விட நெருக்கமான சட்டநூலார் இல்லை.

இஸ்லாமிய மரபு எதிர்த் திசையிலிருந்து தொடங்குகிறது. மனைவியின் சொத்து திருமணத்தால் கணவனோடு கலப்பதில்லை. மஹர் அவளுடையது, சம்பாதித்ததும் அவளுடையது, அவள் பொருளுக்குரிய ஜகாத்தும் அவள் கடமை. இப்னு மஸ்ஊதின் மனைவி ஜைனப், வறியவரான தன் கணவருக்குத் தான் தருமம் கொடுக்கலாமா என்று கேட்டபோது, கொடுக்கலாம், உறவைப் பேணியதற்கும் தருமத்துக்குமாக இரண்டு நன்மை உண்டு என்று நபிகள் விடையளித்ததாக ஹதீஸ் உண்டு. கணவனுக்குக் கொடுப்பது தருமம் ஆகவேண்டுமானால் அந்தப் பணம் அதற்கு முன் அவனுடையதாக இருந்திருக்க முடியாது. சிறுவாட்டுக்கு இன்னும் நெருக்கமானது ஹிந்த் பின்த் உத்பாவின் வழக்கு. தன் கணவர் அபூ சுஃப்யான் கைச்சிக்கனக்காரர், அவருக்குத் தெரியாமல் எடுத்தால்தான் வீடு நடக்கிறது என்று அவர் முறையிட்டார். தனக்கும் பிள்ளைகளுக்கும் நியாயமாகத் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம் என்ற விடை கிடைத்தது. சட்டப்பள்ளிகள் எல்லாம் ஒரே போக்கில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மனைவி தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தானம் செய்யக் கணவனின் சம்மதம் வேண்டும் என்பது மாலிக்கி பள்ளியின் கருத்து. அணியும் நகைக்கு ஜகாத் உண்டு என்பர் ஹனஃபிகள். தமிழ்க் கடற்கரை முஸ்லிம்கள் பலர் பின்பற்றும் ஷாஃபி பள்ளியில் அது இல்லை.

கிறிஸ்தவ மரபில் இக்கேள்வி அப்போஸ்தலர் நடபடிகளின் ஐந்தாம் அதிகாரத்தில் அனனியா, சப்பீராள் கதையாக நிற்கிறது. கணவனும் மனைவியும் நிலத்தை விற்று, விலையில் ஒரு பகுதியை ஒளித்துக்கொண்டு, முழுவதையும் கொடுப்பதாகச் சபையிடம் காட்டினார்கள். விற்கும் முன் நிலமும் விற்றபின் பணமும் உன் கைவசந்தானே இருந்தது என்ற கருத்தில் பேதுரு அனனியாவைக் கேட்கிறார்; குற்றம் வைத்துக்கொண்டதில் இல்லை, பொய் சொன்னதில். ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்து, கணவன் இறந்தது தெரியாமல் சப்பீராள் வருகிறாள். பேதுரு அவளைத் தனியாக, அதே தொகையைச் சொல்லிக் கேட்கிறார். உண்மை சொல்லும் வாய்ப்பு அவளுக்கு அவள் கணக்கில் தரப்படுகிறது. அவள் கணவனின் பதிலையே சொல்லி விழுகிறாள். பிரசங்கங்களில் இது பேராசைக்கு எச்சரிக்கையாகவே பேசப்படுகிறது. கணவன் சொன்னதைச் சொன்னேன் என்பது மனைவிக்குச் சமாதானம் ஆகாது என்பதும் அதில் இருக்கிறது. பணத்துக்குத் தனியாகப் பதில் சொல்லவேண்டியவள் என்றால், அதைப் பற்றித் தனியாக முடிவெடுக்கக் கூடியவளாகவும் அவள் இருந்தாக வேண்டும்.

சிறுவாட்டுக்கு வந்த பெரிய சோதனை 2016 நவம்பர் 8. ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதும், ஒளித்த நோட்டை மாற்ற வேண்டுமானால் வெளியே எடுக்க வேண்டும், எடுத்தால் வீட்டுக்குத் தெரிய வேண்டும் என்ற நிலை வந்தது. வருமான வரித்துறையோடு சிக்கல் வராது, இரண்டரை லட்சம் வரை இல்லத்தரசிகளின் வைப்புத்தொகை விசாரிக்கப்படாது என்று அரசு கூறியது. வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஆக்ரா அமர்வு 2021-ல் இதே கருத்தில் ஒரு தீர்ப்பும் தந்தது. பெண்களின் அச்சமோ வரித்துறையைப் பற்றியதாகவே இருக்கவில்லை. பலருக்கு அந்த வாரத்தில் சிறுவாடு குடும்பப் பணமாக மாறிவிட்டது.

அரிசிப் பானை செய்துவந்த வேலையைக் கைபேசி செய்யுமா? செய்ய முடியும் என்பதற்கு உலகில் சான்றுகள் உண்டு. கென்யாவில் 2007 மார்ச்சில் தொடங்கிய எம்-பெசா, வங்கி இல்லாத ஊர்களுக்கும் குறுஞ்செய்தி வழிப் பணத்தைக் கொண்டுபோனது. 2016-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அதனால் ஏறத்தாழ 1,94,000 குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து மீண்டதாகவும், 1,85,000 பெண்கள் விவசாயத்தை விட்டுத் தொழிலுக்கோ சில்லறை வணிகத்துக்கோ மாறியதாகவும் மதிப்பிட்டது. நைஜர் நாட்டில் 2010-ன் வறட்சிக்குப் பின் உதவித்தொகையைச் சில ஊர்களில் ரொக்கமாகவும் சில ஊர்களில் கைபேசி வழியாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். கைபேசியில் வாங்கிய வீடுகளில் உணவு வகைகள் கூடின, பிள்ளைகள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பணம் வந்த நேரமும் அளவும் பிறர் கண்ணில் படாமல் இருந்தது ஒரு காரணம் என்பது ஆய்வாளர் கருத்து. அரிசிப் பானையின் தத்துவம் அதுவேதான்.

இந்தியாவில் கணக்குத் திறப்பதில் குறை இல்லை. 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன் தன் கணக்குகளில் பாதிக்கு மேல் பெண்களுடையவை. 2020-ல் ஊரடங்கின்போது மூன்று மாதம் 500 ரூபாய் வீதம் ஏறக்குறைய 20 கோடிப் பெண்களின் கணக்குக்கு நேரடியாகப் போட முடிந்தது அதனால்தான். உலக வங்கியின் 2021 கணக்கெடுப்பில் கணக்கு வைத்திருப்பதில் இந்திய ஆண் பெண் இடைவெளி மறைந்திருந்தது. கூடவே, கணக்கு உள்ளவர்களில் 35 விழுக்காட்டினர் ஓராண்டாக அதைத் தொடவில்லை என்றும் தெரிந்தது. பெண்களிடையே இது இன்னும் அதிகம். மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு விளக்கம் போல் அமைந்தது. வேலையுறுதித் திட்டக் கூலியைப் பெண்ணின் சொந்தக் கணக்கில் போட்டு, அதைப் பயன்படுத்தவும் பயிற்சி கொடுத்தபோது, பெண்கள் வேலைக்குப் போவது கூடியது. கணக்கு மட்டும் திறந்துகொடுத்த இடங்களில் அந்த அளவு மாற்றம் இல்லை.

பெயருக்கும் பிடிக்கும் இடையில் உள்ள தூரத்தை இன்றைய தொழில்நுட்பத்தில் உறுப்பு உறுப்பாகக் காட்டலாம். கணக்கு மனைவியின் பெயரில்; அதில் பதிவான கைபேசி எண் கணவனுடையது; பணம் வந்த குறுஞ்செய்தி அவனுக்கு; ஓடிபியும் அவனுக்கு. யூபிஐ செயலி கணக்கோடு இணைந்த சிம் இருக்கும் கைபேசியில்தான் இயங்கும். பின் நம்பர் முதலில் அமைக்க டெபிட் கார்டோ ஆதார் சரிபார்ப்போ வேண்டும். இவற்றில் ஒன்று கைமாறினாலும் கணக்கின் உடைமை ஏட்டில் இருக்க, ஆட்சி வேறொருவரிடம் போய்விடும். ஜிபேயில் பணம் வந்ததும் கடையிலுள்ள ஒலிப்பெட்டி தொகையைச் சத்தமாகச் சொல்கிறது. கடைக்காரருக்கு வசதி, சிறுவாடு சேர்க்கும் மீன்காரிக்கு அப்படியல்ல. 2024-ல் வந்த யூபிஐ சர்க்கிள் என்ற ஏற்பாட்டில் முதன்மைப் பயனாளர் தன் கணக்கிலிருந்து இன்னொருவர் செலவிட அனுமதிக்கலாம்: ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனியாக ஒப்புதல் கொடுக்கலாம், அல்லது மாதம் 15,000 ரூபாய் வரை முழுதாக விட்டுவிடலாம். காரணவர் முறையை இவ்வளவு நுணுக்கமாக எந்தத் தறவாட்டுக் கூட்டுக்குடும்பமும் எழுதிவைத்ததில்லை. முதன்மை இடத்தில் பெண்ணும் இருக்க முடியும் என்பது உண்மைதான். எத்தனை வீடுகளில் இருப்பாள் என்பது வேறு.

தமிழ்நாட்டின் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை இந்தப் பின்னணியில் கவனிக்கத் தக்கது. 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருந்தார்கள். வீட்டு வேலைக்கு ஊதியம் இல்லாத நிலையை ஈடுசெய்யும் உரிமை என்று அரசு அதை விளக்கியது. சட்டநூல் வகைப்பாட்டில் வைத்துப் பார்த்தால் இது ஒரு புதிய இனம். உற்றாரின் அன்பளிப்பும் அல்ல, வெளியார் தரும் கூலியும் அல்ல. முதல் மாதத்திலேயே சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று தொகையைப் பிடித்துக்கொண்டதும் அரசு கண்டித்தது. பிடித்தது கணவனாக இருந்திருந்தால் கண்டிக்க யாரும் இல்லை. கடன் வழியாக வரும் பணத்திலோ நிலைமை இன்னும் சிக்கல். 1992-ல் நபார்டு தொடங்கிய சுய உதவிக் குழு, வங்கி இணைப்பும் 1997-98-ல் தொடங்கிய மகளிர் திட்டமும் தமிழ்நாட்டுப் பெண்களை வங்கி மேலாளரின் நாற்காலிக்கு எதிரே உட்கார வைத்தன; அது சாதாரணச் சாதனை அல்ல. ஆனால் வங்கதேசத்தில் 1996-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, பெண்கள் பெயரில் வாங்கிய கடன்களில் 37 விழுக்காட்டில்தான் பெண்ணுக்கு முழுமையான அல்லது கணிசமான பிடி இருந்தது என்று கண்டது. தவணை மட்டும் நூற்றுக்கு நூறு அவள் தலையில். நிதி உள்ளடக்கம் என்ற சொல்லின் கீழ் சேமிப்பையும் கடனையும் ஒன்றாக எண்ணுவது பெரிய பிழை. சேமிப்பு மறுக்கும் ஆற்றலைத் தருகிறது; பிறருக்காக வாங்கிய கடன் அந்த ஆற்றலைப் பறிக்கிறது.

தனிக்கணக்குக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம், அது இல்லறத்தைப் பங்காளி வணிகமாக்கிவிடும் என்பது. ஒரே உடல் என்கிறது விவிலியம். இணைந்தவர்கள் என்கிறார் ஆபஸ்தம்பர். கணவனின் வருவாய்க்குத் தக வாழ்பவளே வாழ்க்கைத்துணை என்று தொடங்குகிறது குறள் அதிகாரம். ஒளிவு இல்லாத இல்லறம் உயர்ந்தது என்பதில் மறுப்பில்லை. ஆனால் ஒளிவின்மை கொடுக்கப்படுவது. பிடுங்கப்பட்டால் அது கண்காணிப்பு. தன் பின் நம்பரைச் சொல்லாதிருக்க முடிந்த பெண் சொல்லும்போதுதான் அது நம்பிக்கை ஆகிறது. சிறுவாட்டுக்குப் பொருந்துவதாக மேலே கண்ட மூன்று மரபுகளின் இடங்களில் எதுவும் மனைவியிடம் மட்டும் கணக்குக் கேட்கவில்லை என்பதும் கவனிக்கத் தக்கது. ஹிந்தின் முறையீட்டில் விசாரணைக்கு உள்ளானது கணவனின் கருமித்தனம். பேதுரு முதலில் கூப்பிட்டுக் கேட்டது அனனியாவை. வளைகுடாச் சம்பளம் எவ்வளவு என்று மனைவிக்குத் தெரியாத வீடுகள் கருங்கல் பக்கத்தில் அரிதல்ல. அந்த மறைவை யாரும் இல்லறத்துக்குக் கேடு என்று பிரசங்கிப்பதில்லை. தனிக்கணக்கு தவறென்றால் முதலில் விரித்துக் காட்ட வேண்டிய பாஸ்புக் அவனுடையது.